ஊரைப் படிக்கப் போற பேத்திக்கு

தாயி, நீ சமூகவியல் படிக்கச் சேந்துட்டேன்னு உன் அப்பன் போன்ல சொன்னதுல இருந்து ஊருக்குள்ள எனக்குப் பதில் சொல்லி மாளல. "பேத்தி என்ன படிக்கா?"ன்னு கேக்காக. சமூகவியல்னேன். "அதைப் படிச்சா ஊசி போடலாமா, பாலம் கட்டலாமா?"ங்கான் டீக்கடைக்காரன். ரெண்டும் முடியாதுடா, எவன் எவன்கூடப் பேசமாட்டான், எவன் வீட்டுல எவன் கை நனைக்கமாட்டான், அது ஏன்னு கண்டுபிடிக்கிற படிப்புன்னேன். "இதுக்கு எதுக்கு மெட்ராஸ் போகணும்? குழாயடியில காலையில ஒரு மணி நேரம் நின்னாப் போதுமே"ன்னுட்டுப் பாய்லரைத் தொடைக்கப் போயிட்டான்.

அவன் சொன்னதுல பாதி நெசம். மிச்சப் பாதிக்குத்தான் உன் அப்பன் பீஸ் கட்டியிருக்கான். இன்னாரு மகன் இப்படிப் பண்ணிட்டானேன்னு நாங்க வம்பு பேசுவோம். இன்னாரு மகன் மட்டுமில்லாம ஊர்ல உள்ள அத்தனை பேரு மகன்களும் ஏன் அதையே பண்ணுதானுகன்னு நீ கேக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம். போன லீவுல, கண்ணுல பொரை விழுந்த கெழவனுக்குப் பொழுது போகட்டும்னு உன் புஸ்தகங்களை வாசிச்சுக் காட்டினியே, அதைக் கேட்டுத்தான் இவ்வளவும் பேசுதேன். வெத்தலையைத் தவிர இதுல என் சொந்தச் சரக்கு ஒண்ணும் கெடையாது.

முதல்ல ஒண்ணைத் தெரிஞ்சுக்கோ. கையில தாளும் பேனாவுமா எங்க ஊர்ப் பக்கம் வர்ற மொத ஆளு நீயில்ல. 1916-லயே மெட்ராஸ் யுனிவர்சிட்டியில பொருளாதாரம் சொல்லிக்குடுத்த கில்பர்ட் ஸ்லேட்டர்ங்கிற வெள்ளைக்காரரு மாணவப் பிள்ளைகளை விட்டு ஊர் ஊராக் கணக்கெடுக்க வச்சிருக்காரு. தெக்க வடமலைபுரம், கங்கைகொண்டான். வடக்க இருவேல்பட்டு, தூசி. எத்தனை ஏர், எத்தனை மாடு, எம்புட்டுக் கடன்னு எழுதி 1918-ல புஸ்தகமாவே போட்டுட்டாக. நம்ம ஆளு எப்படிப் பதில் சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். வந்தவன் வரி போட வந்தவனாட்டம் தெரிஞ்சா பத்துக் குறுக்கம் ஆறாச் சுருங்கும். கடன் குடுக்க வந்தவனாட்டம் தெரிஞ்சா அதே நெலம் பதினஞ்சாப் பெருகும். சம்பந்தம் பேச வந்தவன்னா, கோடையில கல்லு தெரியிற கெணறு கூட வத்தாத கெணறாயிரும்.

அதனால தாளை நீட்டுறதுக்கு முந்தி, எதுத்தாப்புல இருக்கிறவன் உன்னை யாருன்னு நெனச்சிருக்கான்னு விசாரி. நீ நாப்பது கேள்வி அச்சடிச்சுக் கொண்டு போற. அவன் உன் செருப்பைப் பாத்து, பேச்சைக் கேட்டு, "எந்தூருத்தா, யாரு வீட்டுப் பிள்ளை?"ன்னு ஒத்தக் கேள்வி போடுவான். அதுலயே உன் சாதி, சொத்து, சொந்தம் மூணும் அவன் மடியில விழுந்திரும். நீ ஆராய்ச்சியை ஆரம்பிக்கவே இல்ல, அவன் முடிச்சுட்டான்.

ஆனா ஸ்லேட்டர் தொடங்கின வேலையில ஒரு நல்ல காரியம் நடந்திருக்கு. அந்த ஊர்களுக்குத் திரும்பத் திரும்ப ஆளு போயிருக்காக. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டை 1930கள்ல பாத்தாக, 1981-ல பாத்தாக, 2008-ல ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ்னு மூணு பேரு போய்ப் பாத்தாக. நெலமெல்லாம் யாரு கையில குமிஞ்சு கெடந்துச்சோ அவுக சொன்னதுதான் ஒரு காலத்துல அங்க சட்டம். 2008-ல அந்தப் பிடி தளந்து போச்சு. காட்டு வேலையை விட்டு வெளி வேலைக்குப் போற பிள்ளைக பெருகிட்டாக, சேரிச் சனம் பண்ணைவீட்டு வாசலை நம்பி நிக்கிறது கொறைஞ்சு போச்சு. ஒரே ஒரு தடவை போறவன், "ஆதியில இருந்தே இந்த ஊரு இப்படித்தான்"னு எழுதிருவான். நூறு வருசக் கணக்கை வரிசையா அடுக்கினாத்தான், ஆதிங்கிறதே எங்க தாத்தன் காலத்துல வந்ததுன்னு வெளிச்சமாகும். எந்தக் கெழவனாவது "அந்தக் காலத்துல இருந்தே"ன்னு இழுத்தா, எந்த வருசம்னு கேளு. என்னைய விட்டுறாத.

அடுத்தது, வாய் தெறக்காத ஆளுக. தெக்குச் சூடான்ல நுவேர்னு மாடு வளக்கிற சனம் இருக்குன்னு வாசிச்சியே, எனக்கு ரொம்பப் பிடிச்சது அவுகளைத்தான். இவான்ஸ்-பிரிட்சர்ட்னு ஒரு துரை 1930-ல அங்க போயிக் கூடாரம் போட்டிருக்காரு. பேரைக் கேட்டா ஒருத்தன் கேள்வியையே திருப்பிக் கேக்கானாம். குலத்தைக் கேட்டா, அது உமக்கு எதுக்குன்னு சுத்தி வளைக்கானாம். கூடாரத்துக்கு வந்தா புகையிலை கேக்கதுல மட்டும் கொறை வைக்கலையாம். துரைக்குத் தலை சுத்தி, அதையும் 1940-ல புஸ்தகத்து முன்னுரையிலயே எழுதிட்டாரு. நீ வாசிக்கையில நான் சிரிச்சேன். சிரிச்சு முடிச்ச பெறகு நீ ஒண்ணு சொன்ன. துரையை அங்க போகச் சொன்னதே சூடானை ஆண்ட வெள்ளைக்காரச் சர்க்காரு, அதே சர்க்காரு ரெண்டு மூணு வருசத்துக்கு முந்திதான் நுவேர் சனத்து மேல ஆகாயத்துல இருந்து குண்டு போட்டிருந்துச்சுன்னு. அப்பறம் எவன் பேரு சொல்லுவான்? ஒருத்தன் பதில் சொல்லலைன்னா "ஒத்துழைக்கவில்லை"ன்னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிறாத. அவன் வாயை அடைச்சது எதுன்னு தேடு. அந்தத் தேடல்ல உனக்குப் பாதிப் படிப்பு கெடைக்கும்.

பெறகு எப்படித்தான் சனம் பேசும்னு கேக்கியா? கிளிபோர்ட் கீர்ட்ஸ் கதையை நெனச்சுப் பாரு. அமெரிக்காக்காரரு, 1958-ல பொண்டாட்டியோட பாலித் தீவுல ஒரு ஊருக்குப் போறாரு. ஊர்ச்சனம் அவுகளை ஆளா மதிக்கவே இல்ல, எதுக்க நின்னாலும் அங்க ஒண்ணும் இல்லாதது கணக்காப் போயிட்டு வருது. பத்து நாளுக்குப் பெறகு பள்ளிக்கூடத்துக்குக் காசு சேக்கணும்னு திருட்டுத்தனமாச் சேவல்கட்டு நடத்துதாக. லாரியில போலீசு வந்து எறங்குது. ஊரு ஓடுது. இவரு என்ன செஞ்சிருக்கணும்? சர்க்கார் அனுமதிக் கடுதாசியை நீட்டி, நான் ஆராய்ச்சிக்காரன்னு நிமிந்து நின்னிருக்கணும். செய்யலையே! புருசனும் பொண்டாட்டியும் சனத்தோட சனமா ஓடி, எவன் வீட்டு முத்தத்துலயோ போயி விழுந்தாக. அந்த வீட்டுக்காரியும் சட்டுனு மேசையைப் போட்டுத் தேத்தண்ணி வச்சுட்டா, என்னமோ காலையில இருந்து விருந்து நடக்கிற மாதிரி. மறுநாள்ல இருந்து ஊரே அவரை ஓடிக்காட்டச் சொல்லிச் சிரிச்சுதாம். சிரிச்ச பெறகுதான் பேச்சு.

தாயி, உன்னைப் பாத்து ஒரு ஊரு சிரிக்க ஆரம்பிச்சிட்டா நீ உள்ள வந்துட்டேன்னு அர்த்தம். அதுக்காக நீ சேவல்கட்டுக்குப் போயிப் போலீசுகிட்ட ஓடிக்கிட்டு இருக்காத, உங்கப்பன் என்னையத்தான் வைவான்.

அந்தச் சேவல்கட்டுல அவரு இன்னொண்ணும் கண்டாரு. பெரிய பந்தயத்துல காசை விட மானம்தான் அதிகமா எறங்குது. சொந்தக்காரன் சேவலுக்கு எதிராப் பணம் கட்ட ஆளு கெடையாது. இதைப் படிச்சிட்டு அவுக ஊர்ல ஆச்சரியப்பட்டிருப்பாக. நம்ம ஊர்ல கோயில் கொடையில பரிவட்டம் யாருக்கு மொதல்ல கட்டுறதுன்னு கோர்ட்டு வரைக்கும் போனவனைக் கேட்டா, ரெண்டு முழத் துணிக்கு ஒரு குறுக்கம் நெலத்தை ஏன் வித்தேன்னு அவனே வகுப்பெடுப்பான்.

உங்க படிப்புல எனக்கு ரொம்பச் சுளுவாப் புரிஞ்சது கொடுக்கல் வாங்கல்தான். நியூகினிப் பக்கம் ட்ரோப்ரியான்ட் தீவுகள்ல மாலினோவ்ஸ்கின்னு ஒருத்தரு, மொத உலகச் சண்டைக் காலத்துல போயிக் குடியிருந்து, 1922-ல புஸ்தகம் எழுதினாரு. அந்தத் தீவுக்காரங்க சிவப்புச் சிப்பி மாலையை ஒரு சுத்தாவும், வெள்ளைச் சிப்பிக் காப்பை எதிர்ச் சுத்தாவும் தீவு தீவாக் கைமாத்திக்கிட்டே இருக்காக. எவனும் வச்சுக்கிறது கெடையாது. கொஞ்ச காலம் வச்சிருந்து பேரு வாங்கிட்டு அடுத்தவனுக்குக் குடுத்திரணும். அப்பறம் மார்சல் மோஸ்ங்கிற பிரெஞ்சுக்காரரு 1925-ல இதையெல்லாம் சேத்து வச்சு, கொடைன்னா மூணு கடமை, குடுக்கணும், வாங்கணும், திருப்பிக் குடுக்கணும், மூணுல ஒண்ணு அறுந்தாலும் உறவு அறுந்திரும்னாரு.

இதுக்கு பாரிசுல இருந்து ஆளு வேணுமா? நம்ம பரண்ல இருக்கிற மொய் நோட்டை எடு. உங்கப்பன் கல்யாணத்துக்கு எவன் எம்புட்டு எழுதினான், அவன் மகளுக்குச் சடங்கு சுத்துனப்ப நம்ம எம்புட்டு எழுதினோம், எல்லாம் இருக்கு. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் இதை இன்னும் தொழிலாவே முத்த விட்டிருக்காக. ஆடி மாசம் பொறந்தா மொய் விருந்து. கல்யாணம் காதுகுத்து எதுவும் வேண்டியதில்ல, பந்தலைப் போட்டுக் கறிச்சோறு போட்டா மொய் வந்து விழும். விழுந்த பணத்துல கடை வைக்கலாம், கெணறு வெட்டலாம். ஆனா வச்சவன் விருந்துக்கு நீ போயி வாங்கினதுக்கு மேல வச்சாகணும். எழுதின பத்திரமும் இல்ல, ஈட்டுச் சாமானும் இல்ல. ஊருக்கு முன்னால தலை குனியணுமேங்கிற பயம்தான் அடமானம். பேங்குக்காரன் வந்து இதைப் படிக்கணும்.

ஆனா இங்கதான் உன் காதைத் திருகிச் சொல்லணும். மாலினோவ்ஸ்கி அம்புட்டு நாளு அங்க இருந்தும் ஒரு சங்கதியைத் தாண்டிப் போயிட்டாரு. 1971-ல அனெட் வெய்னர்னு ஒரு அம்மா அதே தீவுக்குப் போனாக. சாவு வீட்டுல பொம்பளைக உக்காந்து காஞ்ச வாழையிலைக் கட்டுகளை மலையாக் குவிச்சு, பேரு சொல்லிப் பேரு சொல்லிப் பங்கு வைக்கிறதைப் பாத்தாக. அங்க அதுதான் பெரிய சொத்து. குடும்பத்துக் கௌரவமே அந்தக் கட்டுகள்ல நிக்குது. ஆம்பளை துரைக்கு அது வெறும் இலையாத் தெரிஞ்சிருக்கு. 1976-ல அந்தம்மா புஸ்தகம் போட்ட பெறகுதான் உலகத்துக்குப் புரிஞ்சுது. அதனால மொய் நோட்டை எங்கிட்டக் கேட்டதோட நிறுத்திக்காத. நோட்டுல வராத கணக்கு ஒண்ணு உன் பாட்டிகிட்ட இருக்கு. எவ வளைகாப்புக்கு எத்தனை பாத்திரம் போச்சு, எவ எழவுக்கு வரலை, எவளுக்கு அவசரத்துக்குக் கம்மலைக் கழட்டிக் குடுத்தோம், எல்லாம் அவ வாயில இருக்கு. அவகிட்டக் கேக்காம எழுதினா உன் ஆராய்ச்சி அரை ஊரு ஆராய்ச்சிதான்.

புஸ்தகத்தை ரொம்பவும் நம்பி ஊருக்குள்ள வராத. நைஜீரியாவுல டிவ் சனத்துக்கு நடுவுல இருந்த லாரா பொஹானன் அம்மா பட்ட பாடு தெரியுமில்ல? ஷேக்ஸ்பியர் நாடகம் உலகத்துல எங்க சொன்னாலும் ஒரே மாதிரித்தான் புரியும்னு நெனச்சு, மழைக்காலத்துல கள்ளுக் குடிச்சுக்கிட்டு இருந்த பெருசுககிட்ட ஹாம்லெட் கதையைச் சொல்லப் போனாக. அண்ணன் செத்ததும் தம்பி அண்ணியைக் கட்டிக்கிட்டான்னதும், அதுதானே மொறை, ரொம்பச் சரியாச் செஞ்சிருக்கான்னு பெருசுக தலையாட்டிட்டாக. செத்த ராசா ஆவியா வந்தாருன்னா, செத்தவன் நடக்கமாட்டான், அது மந்திரக்காரன் வேலைன்னு திருத்துதாக. கடைசியில கதை முழுக்க அவுக கைக்குப் போயிருச்சு. உங்க ஊர்ப் பெரியவங்க உனக்குச் சரியாச் சொல்லிக்குடுக்கலம்மா, இன்னும் கதை இருந்தாச் சொல்லு, நாங்க அர்த்தம் சொல்லுதோம்னு தேத்தி அனுப்பினாகளாம். 1966-ல அந்தம்மா இதைக் கட்டுரையா எழுதிட்டாக. அந்தக் கெழவனுகளை ஒரு தடவை பாக்கணும்போல இருக்கு எனக்கு. எந்தப் பல்கலைக்கழகத்துல இருந்து வந்தாலும், ஊருக்குள்ள வந்தவளை மாணவியா உக்கார வச்சவனுக இல்லையா!

இப்ப கொஞ்சம் சிரிப்பை நிறுத்திட்டுக் கேளு. ஊரைப் படிக்கிறவனுக்கு எந்தப் புஸ்தகம்ங்கிறதை விட எந்தத் திண்ணைங்கிறது பெரிய சங்கதி. தஞ்சாவூர் ஜில்லாவுல ஒரு ஊரு, ஆந்த்ரே பெத்தேய்னு ஒருத்தரு 1961-62-ல போயித் தங்கினாரு. ஊருக்கு ஸ்ரீபுரம்னு மாத்துப் பேரு வச்சு 1965-ல புஸ்தகம் வந்துச்சு. முன்னெல்லாம் சாதியில ஒசந்தவன் கையிலயே நெலமும் அதிகாரமும் ஒட்டிக் கெடந்துச்சு, இப்ப அது மூணும் பிரிஞ்சு வேற வேற கைக்குப் போகுதுன்னு சொன்னாரு. பெரிய ஆளுதான். ஆனா அவரு குடியிருந்தது அக்ரஹாரத்துல. அதனால மத்தத் தெருக்காரங்க அவரை அக்ரஹாரத்து ஆளாவே பாத்தாக, சேரிக்கு நெனச்ச நேரம் போயிவர முடியல. ஒளிக்காம அதை அவரே எழுதினாரு. மைசூர்ப் பக்கம் ராம்புராவுல 1948-ல தங்கின எம்.என். ஸ்ரீநிவாஸும் ஊர்த் தலைவர் அரவணைப்புல இருந்தவருதான். சாஸ்திரத்துல மேல இருக்கிறவன் ஒருத்தன், ஆள் எண்ணிக்கையும் நெலமும் வச்சு ஊரை ஆட்டி வைக்கிறவன் வேற ஒருத்தன்னு காட்டி, அவனை ஆதிக்க சாதின்னு சொல்லிக்குடுத்தவரு அவரு.

இப்ப நீ எங்கிட்ட வந்து, "நம்ம ஊர்ல சாதி பாக்காகளா தாத்தா?"ன்னு கேளு. அதெல்லாம் மலையேறிப் போச்சு தாயி, இப்ப எல்லாரும் ஒண்ணுமண்ணா இருக்கோம்னுதான் சொல்லுவேன். சத்தியமா நான் பொய் சொல்லல. மேலத்தெருத் திண்ணையில இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். நீ எந்திரிச்சுக் கீழக்கடைசிக்குப் போ. அங்க போயும் கேள்வி கேக்காத, எண்ணு. சுடுகாடு எத்தனை? தண்ணித் தொட்டி எத்தனை? சப்பரம் எந்த முக்கு வரைக்கும் வந்து திரும்புது? பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலி யாருக்கு ஒதுக்கியிருக்கு, அதுல உக்காந்து கையெழுத்துப் போடுறது யாரு? அப்பறம் ஊர்ல உள்ள கல்யாணப் பத்திரிகையெல்லாம் அள்ளிக்கிட்டு வா. ஸ்லேட்டரோட பிள்ளைக இங்க ஏரும் மாடும் எண்ணிக்கிட்டு இருந்த அதே 1916-ல, நியூயார்க் கொலம்பியாவுல இருபத்தஞ்சு வயசு அம்பேத்கர் ஒரு கட்டுரை வாசிச்சாரு. சாதியோட சூட்சுமமே தன் கூட்டத்துக்குள்ளயே பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்கிறதுலதான் இருக்குன்னாரு. அதுக்கு ஏறக்குறைய நூறு வருசம் கழிச்சு, 2011-12-ல தேசம் முழுக்க வீடு வீடாக் கேட்ட ஒரு கணக்குல, சாதி விட்டுச் சாதி கட்டினது நூத்துக்கு அஞ்சுதான் தேறிச்சு. ஒண்ணுமண்ணா இருக்கோம்னு சொன்னவன் வீட்டுப் பத்திரிகையும் அந்த அள்ளுன குப்பைக்குள்ளதான் கெடக்கும். நம்ம வீட்டுதும் கெடக்கும், எடுத்துப் பாரு.

ஸ்ரீநிவாஸ் கதையில இன்னொண்ணு. ராம்புராவைப் பத்தி வருசக்கணக்கா வகைப்படுத்தி வச்சிருந்த குறிப்பு மூணு பிரதி. 1970-ல அமெரிக்காவுல ஸ்டான்போர்டுல அவரு இருந்த எடத்துக்கு எவனோ தீ வச்சு, மூணும் கருகிப் போச்சு. மனுசன் ஒடிஞ்சு உக்காரல. ஞாபகத்துல இருந்ததை வச்சே எழுதி 1976-ல புஸ்தகமாக்கிட்டாரு. நீ என்னடான்னா யாராவது வாயைத் தெறந்ததும் போனை நீட்டி ரெக்கார்டு பண்ணுத. பண்ணு, வேண்டாங்கல. ஆனா போன் கேக்கட்டும்னு நீ கேக்காம இருந்திறாத.

"ஏன் தாத்தா எப்பப் பாத்தாலும் கேலி பண்ணிக்கிட்டே இருக்கீக?"ன்னு நீ மொகத்தைத் தூக்குவ. அதுக்கும் உன் புஸ்தகத்துலயே பதில் இருக்கு. ராட்கிளிஃப்-பிரவுன்னு ஒருத்தரு 1940-ல கேலி உறவைப் பத்தியே எழுதியிருக்காரு. சில உறவுல கேலி பண்றது உரிமை, கேட்டுக்கிறது கடமை, கோவிச்சுக்கக் கூடாது. தாத்தா பேத்தி உறவும் அதுல உண்டு. மாமன் மச்சானை அவருக்கு நம்ம சொல்லிக்குடுக்கலாம்.

இன்னொரு சாட்சியும் வச்சிருக்கேன். கலகாரிப் பாலைவனத்துல வேட்டையாடிப் பொழைச்ச சனத்தோட இருந்த ரிச்சர்ட் லீ, கிறிஸ்துமசுக்கு விருந்து போடணும்னு அந்தப் பக்கத்துலயே கொழுத்த காளையாப் பாத்து வாங்கினாரு. வந்தவன் போனவனெல்லாம், எலும்பும் தோலுமா இருக்கே, இதை வச்சு எப்படிய்யா வயிறு நெறையும்னு அவரை நோகடிச்சுத் தள்ளிட்டான். அறுத்துப் பாத்தாக் கொழுப்பு வழியுது, ரெண்டு நாளு ஊரே தின்னுச்சு. வயித்தெரிச்சல்ல ஏண்டா அப்படிச் சொன்னீகன்னு கேட்டாரு. பெரிய வேட்டை கொண்டாந்த வாலிபன் தன்னைத் தலைவனா நெனச்சுக்கிருவான், நாளைக்கு அந்தத் திமிரு ஆளைக் கொல்லும், அதனால அவன் கறியை மட்டமாப் பேசித்தான் மனசைக் குளுர வைப்போம்னு வெளக்கம் சொன்னாக. 1969-ல அச்சுல வந்த கதை.

நீயும் பெரிய வேட்டை கொண்டுக்கிட்டு வருவ தாயி, எனக்குத் தெரியும். வந்தன்னைக்கு, "இதுல என்ன இருக்கு, டீக்கடைக்காரன் அன்னைக்கே சொன்னான்"னுதான் சொல்லுவேன். கோவிச்சுக்காத. எழுதினதை மெட்ராஸ்ல வாசிச்சுக் கைதட்டு வாங்கின கையோட இங்க வந்து வாசி. மேலத்தெருவுல ஒரு தடவை, கீழக்கடைசியில ஒரு தடவை, குழாயடியில பொம்பளைகளுக்கு ஒரு தடவை. மூணு எடத்துலயும் சந்தோசமாத் தலையாட்டினாகன்னா, நீ யாரையோ சமாதானப்படுத்த எழுதியிருக்கேன்னு அர்த்தம். மூணு எடத்துலயும் சண்டைக்கு வந்தாகன்னா, திரும்பப் போயி விசாரி. மேலத்தெருவுக்கு மட்டும் கோவம் வந்தா, திருத்தாத, அப்படியே அச்சுக்குக் குடு.